அந்த ஒரு கை மட்டும்

‘எனக்குக் கை வரைய வராது.’

படம் போடப் படிக்கிற ஒரு பெண், தன்னைப் பற்றித் தானே எழுதிக் கல்லூரியில் கொடுக்கவேண்டிய தாளின் முதல் வரி இது. இல்லஸ்ட்ரேஷன் என்கிறார்களே, கதைக்கும் பாடப்புத்தகத்துக்கும் படம் போடுகிற படிப்பு, அதில் கடைசி வருடம். தாளுக்கு மூன்று தலைப்புகள் கொடுத்திருந்தார்கள். என் திறமைகள், என் தன்னம்பிக்கை, என் தொழில் இலக்கு. ஆயிரம் வார்த்தை, ஐம்பது மார்க், இங்கிலீஷில் எழுதவேண்டும். ‘தப்பு இருந்தா திருத்திக் குடுங்கண்ணா’ என்று என்னிடம் கொண்டுவந்தாள். பேங்க்கில் குமாஸ்தா என்றால் இங்கிலீஷ் தெரிந்திருக்கும் என்று நம் ஜனங்கள் இன்னமும் நம்புகிறார்கள். இலக்கணம் திருத்த உட்கார்ந்தேன். ஒரு பக்கம் தாண்டவில்லை, பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

அவள் எனக்குப் பழக்கமானது கவுண்டரில். மாதம் இரண்டு தடவை வந்து பாஸ்புக்கை நீட்டுவாள். ‘ஸ்காலர்ஷிப் ஏறியிருக்கான்னு பாருங்க சார்.’ ஏறியிருக்காது. போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில் ஒன்றிய அரசு 60, மாநில அரசு 40 என்று 2020 டிசம்பரில் பங்கு பிரித்தார்கள். யார் பங்கு எப்போது வரும் என்று பாஸ்புக் அச்சடிக்கிற மெஷினுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஜூனில் கேட்ட பீஸுக்கு அந்த வருடம் அவளுக்கு மார்ச்சில் பணம் ஏறியது. நடுவில் ஒன்பது மாதம் அவள் அம்மா வட்டிக்கு வாங்கிக் கட்டினார்.

ஒருநாள் நல்ல கூட்டம். காத்திருந்த நேரத்தில் பணம் கட்டும் செலானின் பின்பக்கத்தில் வரிசையை வரைந்து அப்படியே மேஜைமேல் விட்டுவிட்டுப் போயிருந்தாள். முதியோர் பணம் வாங்க வந்த கிழவி, மளிகைக்கடைக்காரர், தூங்கி வழிகிற காவலாளி, கண்ணாடிக்குப் பின்னால் நான். கொட்டாவியை அடக்கிக்கொண்டு மரியாதையாகத் தெரியப் பாடுபடுகிற என் மூஞ்சி. நூல் கட்டித் தொங்கவிட்ட பேங்க் பேனாவில் போட்ட படம் அது. நான் எடுத்து வைத்துக்கொண்டேன். அடுத்த முறை வந்தபோது கேட்டேன், சொன்னாள், ‘சார்’ போய் ‘அண்ணா’ வந்தது. தாளைப் படித்த பிறகு அந்தச் செலானைத் தேடி எடுத்துப் பார்த்தேன். ஒருத்தருக்கும் கை இல்லை. கிழவியின் கை முந்தானைக்குள். கடைக்காரர் கை பைக்குள். காவலாளி கையைக் கட்டிக்கொண்டிருக்கிறார். என் கை கவுண்டருக்குக் கீழே.

திறமைகள் என்ற தலைப்பின் கீழே ஏழெட்டு மென்பொருள் பெயர்களை எழுதியிருந்தாள். ஃபோட்டோஷாப் தெரியும், இல்லஸ்ட்ரேட்டர் ஓரளவு, புரோக்ரியேட் சினேகிதியின் ஐபேடில் மட்டும். பிறகு பலவீனங்கள். கை வராது. பெர்ஸ்பெக்டிவ் சுமார். கலர் ‘லௌடு’ என்று மேடம் சொன்னார்கள், குறைத்துக்கொள்ள முயல்கிறேன்.

கலர் சத்தமாக இருக்கிறதாம். பறையும் சத்தமாகத்தான் இருக்கிறது. நம் தெருவில் வாசல் கதவுக்கு அடிக்கிற நீலம், ஆடித்திருவிழாவின் மஞ்சள், மணவறை ஜோடனையின் ரோஸ், இதையெல்லாம் கண்ணால் குடித்து வளர்ந்த பிள்ளை சாம்பலும் வெளிர்பச்சையும் அல்லாத ஒரு வண்ணத்தைத் தொட்டால் அது ரசனைக் குறைவு. எந்த வண்ணம் அடங்கியது, எது அடங்காதது என்று தீர்ப்பு எழுதுகிற இடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நாம் தொண்ணூறுகளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறோம். தலித் அழகியல் என்று பக்கம் பக்கமாக எழுதினோம். நான்கூட எழுதினேன், கல்லூரி நாளில், கொஞ்சம் புரியாமலே. அந்தக் கட்டுரைகளில் ஒன்றுகூட இந்தப் பெண்ணின் வகுப்பறை வரைக்கும் போய்ச் சேரவில்லை. அவள் ‘குறைத்துக்கொள்ள முயல்கிறேன்’ என்று எழுதிக்கொண்டிருக்கிறாள்.

நான் எதிர்பார்த்த ஒன்று அந்தப் பட்டியலில் இல்லை. அவளுடைய தாய்மாமன் சுவர் எழுத்துக்காரர். ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் ரோட்டோரச் சுவர்களில் கட்சிச் சின்னம், சிமெண்ட் விளம்பரம், பொதுக்கூட்டம் எல்லாம் அவர் கை. ஃப்ளெக்ஸ் வந்தபிறகு வேலை போய், இப்போது பெயிண்ட் அடிக்கப் போகிறார். சின்னப் பிள்ளையாக இவள் அவர்கூடப் போயிருக்கிறாள். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக் காயவிட்டு, நூலில் நீலத்தைத் தோய்த்து இந்த முனையை அவரும் அந்த முனையை இவளும் பிடித்து ஒரு சுண்டு சுண்டினால் நேர்கோடு விழும். மேல்கோடு, கீழ்கோடு. அதற்குள் ‘ழ’வின் வால் எவ்வளவு இறங்கலாம், ‘ஞ’வின் வயிறு எவ்வளவு வீங்கலாம், இருபது அடி தள்ளி பஸ்ஸில் போகிறவனுக்கு எந்த எழுத்து கண்ணில் படும் என்பதெல்லாம் பத்து வயதில் அவளுக்குப் பாடம். இன்றைக்கும் ஸ்கேல் வைக்காமல் தமிழ் எழுத்தை அளவாகப் போடுகிறாள். அவள் வகுப்பில் யாருக்கும் அது வராது.

‘இத ஏம்மா எழுதல?’

‘அது ஸ்கில்லாண்ணா? அது எங்க மாமா வேலை.’

நம் தெருவில் செய்தால் வேலை, ஏ.சி. அறையில் உட்கார்ந்து செய்தால் திறமை. பறைக்கு மூன்று கட்டையை இணைத்து வளையம் செய்து, தோலைப் பதமாக்கி, புளியங்கொட்டைப் பசை போட்டு ஒட்டி, வைக்கோல் தீயில் காட்டி, தட்டித் தட்டிக் காதாலேயே சுதி பார்த்த என் தாத்தனை யாரும் திறமைசாலி என்று சொன்னதில்லை. அவருக்கு வேறு பெயர் வைத்திருந்தார்கள். அவருடைய பேரன் நான்கூட வேலைக்கான விண்ணப்பத்தில் இதர திறமைகள் என்ற கட்டத்தில் ‘தட்டச்சு, உயர்நிலை’ என்று எழுதினேனே தவிர, எனக்கு அடி குச்சியும் சிண்டு குச்சியும் பிடிக்கத் தெரியும் என்று எழுதவில்லை. ஆகவே அவளைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது.

ஆனால் ஒன்றைச் சொன்னேன். 2011ல் ‘பீமாயணா’ என்று ஒரு ஆங்கிலப் படப்புத்தகம் வந்தது. அம்பேத்கரின் வாழ்க்கை. படம் போட்டவர்கள் துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும், பர்தான் கோண்டு பழங்குடி ஓவியர்கள். காமிக்ஸ் புத்தகம் என்றால் பக்கத்தைக் கட்டம் கட்டமாகப் பிரிப்பார்கள் இல்லையா? அவர்கள் கட்டம் போடவே இல்லை. தங்கள் வீட்டுச் சுவரிலும் தரையிலும் போடுகிற டிக்னா கோலத்தைக் கொண்டு பக்கத்தைப் பிரித்தார்கள். நல்ல வார்த்தை பேசுகிறவரின் வசனம் பறவை வடிவத்துக்குள் இருக்கும். சாதி விஷம் கக்குகிறவனின் வசனத்துக்குத் தேள் கொடுக்கு முளைத்திருக்கும். எந்தக் கல்லூரியிலும் இதைச் சொல்லிக் கொடுக்க ஆளில்லை. சுவரில் கற்றது புத்தகத்துக்கு வந்தது. வியாசர்பாடியில் ஒரு சுவருக்காக உயிர் போகிற கதையை 2014ல் ‘மெட்ராஸ்’ என்று எடுத்த பா. ரஞ்சித்தும் சென்னை கவின்கலைக் கல்லூரியில் படம் வரையப் படித்தவர்தான். ‘அப்ப மாமாகிட்ட நூல் புடிச்சத எழுதட்டுமாண்ணா?’ என்றாள். எழுது, முதல் வரியாக எழுது என்றேன்.

* * *

தன்னம்பிக்கை என்ற பகுதிதான் என்னைத் தூங்கவிடவில்லை. நாலே வரி. எனக்குத் தன்னம்பிக்கை குறைவு. ஜூரியில் கேள்வி கேட்டால் வாயடைத்துப் போகிறேன். கம்யூனிகேஷனை வளர்த்துக்கொள்ள வேண்டும். தினமும் கண்ணாடி முன் நின்று பேசிப் பழகுகிறேன்.

ஜூரி என்றால் கோர்ட்டு இல்லை. வருடக் கடைசியில் ஆசிரியர்களும் வெளியிலிருந்து வருகிற பெரிய மனிதர்களும் உட்கார்ந்து மாணவர்களின் படங்களைப் பார்த்துக் கேள்வி கேட்கிற சடங்கு. அவள் போன வருடம் குழந்தைகளுக்கான ஒரு படக்கதை செய்திருந்தாள். தண்ணீர் லாரி வருகிற நாளில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு விளையாடப் போய்விடுகிற ஒரு சின்னப்பெண்ணின் கதை. நான் பார்த்தேன், ரொம்பச் சிரிப்பான கதை. ‘இந்தப் புக் யாருக்கு? டார்கெட் ஆடியன்ஸ் யார்?’ என்று கேட்டிருக்கிறார்கள். ‘எங்க தெருப் புள்ளைங்களுக்கு’ என்றிருக்கிறாள். ‘அவங்க புக் வாங்குவாங்களாம்மா?’ என்று ஒருவர் கேட்க, மற்றவர்கள் சிரித்திருக்கிறார்கள். கெட்ட சிரிப்புகூட இல்லையாம், செல்லமான சிரிப்பாம். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. மார்க் தாளில் ‘தன்னம்பிக்கை தேவை’ என்று குறிப்பு.

சிரித்தவர்களிடம் என்ன தேவை என்று எந்தத் தாளிலும் எழுதப்படவில்லை.

என் கதையும் இதுதான். அதிகாரி பதவிக்கான எழுத்துத் தேர்வில் தேறி நேர்முகத்துக்குப் போனேன். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். பத்து நிமிடம். ஒவ்வொரு பதிலுக்கும் ‘பார்டன்?’ என்று ஒருவர் கேட்டுக்கொண்டே இருந்தார். மூன்றாவது ‘பார்டனு’க்கு மேல் எனக்கே என் குரல் சந்தேகமாகிவிட்டது. ‘வேலை நல்லாப் பண்றாப்ல, கான்ஃபிடன்ஸ் பத்தல’ என்று பேசிக்கொண்டதாகப் பிற்பாடு ஒரு சங்கத் தோழர் சொன்னார். அடுத்த நாள் காலை அதே நான் கவுண்டரில் உட்கார்ந்து நாற்பது லட்சத்தை எண்ணிக் கட்டி வாங்கினேன். ஒரு நோட்டுக் குறையவில்லை.

எங்கள் தொழிலில் நம்பிக்கை என்பதற்கு ஒரு சுலபமான பொருள் உண்டு. கடன் கேட்டு வருகிறவனின் முகத்தை நாங்கள் பார்ப்பதில்லை, அவனுக்குப் பின்னால் ஜாமீன் போட யார் நிற்கிறார்கள் என்று பார்ப்போம். ஜாமீன் கெட்டியாக இருந்தால் கடன் கேட்கிறவன் நாற்காலியில் சாய்ந்து உட்காருவான். இல்லாதவன் விளிம்பில் உட்காருவான். வருடக்கணக்காக இந்த இரண்டு உட்காருதலையும் பார்த்துவருகிறேன். அந்தப் பெண்ணின் வகுப்பில் அச்சகம் வைத்திருப்பவரின் மகன் படிக்கிறான். அவனுக்குக் கோடு இவளைவிட மோசம், அவனே சொல்வானாம். ஆனால் ஜூரி முன்னால் சாய்ந்து உட்காருகிறான். படம் சரியில்லை என்றாலும் அவனுக்கு அச்சகம் இருக்கிறது. இவள் படம் சரியில்லை என்றால் இவள் அம்மா தோல் செருப்பின் மேல்பாகத்தை ஊசி போட்டுத் தைத்துக்கொண்டே இருக்கவேண்டும், ஜோடிக்கு இவ்வளவு என்று. இந்த வித்தியாசத்தைக் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பழகித் தீர்த்துவிடலாம் என்று ஒரு கல்வி சொல்லித் தருகிறது.

இவ்வளவும் சொல்லிவிட்டு இங்கே நிறுத்திக்கொண்டால் கைதட்டு கிடைக்கும். அமைப்பின் குற்றம், சாதியின் குற்றம், முடிந்தது. ஆனால் கை வரவில்லை என்பது கை வரவில்லை என்பதுதான். அதற்கு என்ன செய்வது?

இந்த இடத்தில் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். கவிஞன் புத்தி. ‘உங்க அம்மா கையப் பாரும்மா. ஊசி குத்திக் காய்ச்சுப்போன அந்தக் கைய வரை. அதவிட்டுட்டு வெள்ளைக்காரன் ஃபோட்டோவப் பாத்து வரைஞ்சா எப்படி வரும்?’ என்று உருகினேன். அவள் சிரித்துவிட்டாள்.

‘எங்கம்மா கை ஒரு எடத்துல நின்னாத்தானண்ணா வரையறதுக்கு? அதில்லண்ணா. வெரல நம்ம பக்கமா நீட்டுனா நீளம் சுருங்கித் தெரியும் இல்ல, அந்தச் சுருக்கம் எனக்கு வரல. ஃபோர்ஷார்ட்டனிங்னு பேரு. எங்கம்மா கை, வெள்ளக்காரன் கைன்னுல்லாம் கெடையாது. எந்தக் கையும் வரல.’

நான் வாயை மூடிக்கொண்டேன். பிறகு ‘இதுவரைக்கும் போட்டதெல்லாம் கொண்டா, பாப்போம்’ என்றேன். அடுத்த ஞாயிறு ஒரு பெரிய அட்டைப் பையோடு வந்தாள். கல்லூரிப் படங்கள் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் நமக்குப் போட்டவை. ஏப்ரல் 14, டிசம்பர் 6, கருத்தரங்கம், கண்டன ஆர்ப்பாட்டம், மாணவர் மாநாடு, நினைவேந்தல். எல்லாவற்றிலும் அம்பேத்கர். நீலக் கோட்டு, இடது கையில் புத்தகம், வலது கை நீட்டிய ஆள்காட்டி விரல்.

அந்த விரல் நேராக நம்மைப் பார்த்து நீண்டிருக்கிறது. சுருக்கம் அச்சு அசலாக விழுந்திருக்கிறது. முட்டி, நகம், விரலுக்கு அடியில் நிழல், எல்லாம் சரி.

‘இது வருதே?’

‘அது மனப்பாடம்ணா. ரெண்டாவது வருஷத்துலேருந்து முப்பது நாப்பது போட்டிருப்பேன். கண்ண மூடினாலும் வரும்.’

தோழர்களே, நாம் முப்பது நாற்பது தடவை கேட்டோம், அது வந்துவிட்டது. அந்த ஒரு கையைத் தவிர வேறு எந்தக் கையையும் நாம் அவளிடம் கேட்கவில்லை.

* * *

அவளுடைய பையிலிருந்த நோட்டீஸ்களைக் கணக்கெடுத்தேன். குமாஸ்தா அல்லவா. முப்பத்தேழு. பெரும்பாலும் முந்தின நாள் ராத்திரி பத்து மணிக்கு போன் பண்ணி ‘தங்கச்சி, காலையில பிரிண்டுக்குப் போகணும்’ என்று வாங்கியவை. அவளுடைய பெயர் இருந்தது ஐந்தில். காசு கொடுத்தது ஒன்றுக்கு, அதுவும் பஸ் செலவுக்கென்று நூறு ரூபாய். ‘விரலைத் தவிர மற்றது சுமார், இடது கை புத்தகத்தைப் பிடித்திருக்கிற மாதிரியே இல்லை, திருத்து’ என்று சொன்னவர்கள் ஒருவரும் இல்லை. ‘நம்ம புள்ள, சூப்பர்’ என்று சொன்னவர்கள் எல்லோரும்.

அவர்களில் நானும் ஒருவன். என் கவிதைத் தொகுப்புக்கு அட்டைப்படம் போட்டது அவள்தான். தட்டச்சு செய்தவருக்குக் கொடுத்தேன், அச்சகத்துக்குக் கொடுத்தேன், பைண்டிங்குக்குக் கொடுத்தேன், பார்சல் லாரிக்குக்கூட கொடுத்தேன். படம் போட்டவளுக்கு இரண்டு பிரதி. கையெழுத்து வேறு போட்டுக் கொடுத்தேன், பெரிய மனசு. நாலாம் பக்கத்தில் பொடி எழுத்தில் அவள் பெயர் இருக்கிறது, ஒரு எழுத்துப் பிழையோடு. உழைப்புச் சுரண்டல் பற்றி அந்தத் தொகுப்பில் மூன்று கவிதைகள் இருக்கின்றன.

இயக்கத்துக்குச் செய்வதற்குக் காசு கேட்பதா என்று ஒரு தோழர் இதைப் பற்றிப் பேசும்போது கோபப்பட்டார். அரசியல் சட்டத்தின் மூலப் பிரதியைக் கையால் எழுதிய பிரேம் பிஹாரி நாராயண் ராய்ஜாதா சம்பளமே வாங்கவில்லையே என்றும் எடுத்துக்காட்டினார். உண்மைதான். ஆனால் அவர் என்ன கேட்டார்? பணம் வேண்டாம், ஒவ்வொரு பக்கத்திலும் என் பெயர் இருக்கவேண்டும், கடைசிப் பக்கத்தில் என் தாத்தாவின் பெயரும் சேரவேண்டும் என்று கேட்டார். கொடுத்தார்கள். பணத்தை வேண்டாம் என்று சொல்வதற்கு முதலில் ஒருவன் பணத்தை நீட்டவேண்டும். நாம் நீட்டவே இல்லையே. நம் பாட்டன்கள் சாவுக்கு அடித்தபோதும் இப்படித்தான், கேட்கவும் கூடாது, கணக்கும் கிடையாது, கொடுத்ததை வாங்கிக்கொண்டு போகவேண்டும். அதை வெட்டி வேலை என்று சொல்லி எதிர்த்து நின்றுதான் நாம் இயக்கமானோம்.

போன டிசம்பர் 6க்கு எனக்கு வாட்ஸப்பில் ஒரு சுவரொட்டி வந்தது. மெஷினிடம் சொல்லிச் செய்து வாங்கியது. ஏ.ஐ. இப்போது நம் தோழர்களுக்கும் பழக்கமாகிவிட்டது. ராத்திரி பத்து மணிக்கு யாரையும் எழுப்பவேண்டியதில்லை. கோட்டு நீலம், பின்னணியில் சூரியன், எல்லாம் பளபளப்பு. அவளிடம் காட்டினேன். ஒரு நொடியில் சொன்னாள். ‘அண்ணா, ஆறு வெரல் இருக்குது.’ எண்ணிப் பார்த்தேன். ஆறுதான். நூறு பேர் பகிர்ந்திருந்தார்கள், ஒருவரும் எண்ணவில்லை. ‘மெஷினுக்கும் கை வரலண்ணா’ என்று சிரித்தாள். பிறகு, ‘அதுக்கு சீக்கிரம் வந்துடும். எனக்குத்தான் அவசரம்’ என்றாள். அந்தச் சிரிப்பை நான் அவளுடைய தாளில் எங்கும் படிக்கவில்லை.

தொழில் இலக்கு என்ற மூன்றாம் பகுதியில், ஒரு நல்ல அனிமேஷன் கம்பெனியில் சேரவேண்டும், மாதச் சம்பளம் வேண்டும், அம்மா தைப்பதை நிறுத்தவேண்டும் என்று எழுதியிருந்தாள். நான் அதில் ஒரு வார்த்தைகூடத் திருத்தவில்லை. ‘கார்ப்பரேட்டுக்குப் போறியாம்மா?’ என்று நம் ஆள் ஒருவர் அவளிடம் கேட்டிருக்கிறார், ஒரு மாதிரியான குரலில். கேட்டவர் அரசு ஊழியர். நான் பேங்க். கவிதை எழுதுகிறேன் என்பதற்காக என்னை யாரும் வேலையை விடச் சொன்னதில்லை. தியாகத்தை எப்போதும் நம்மைவிட இளைத்தவர்களிடம்தான் கேட்கிறோம்.

1918ல் அம்பேத்கர் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராகச் சேர்ந்தார், சம்பளத்துக்கு. கொலம்பியாவில் படித்துவிட்டு வந்த மனிதர் தண்ணீர்ப் பானையைத் தொடக்கூடாது என்று கூட வேலை பார்த்த பேராசிரியர்கள் ஆட்சேபித்தார்கள். அவர் அந்தச் சம்பளத்தில் மிச்சம் பிடித்தார், நண்பர் நவல் பதேனாவிடம் கடன் வாங்கினார், 1920ல் லண்டனுக்குத் திரும்பிப் போய் விட்ட படிப்பை முடித்தார். அதே 1920 ஜனவரியில் ‘மூக்நாயக்’ தொடங்கியதும் சாகு மகாராஜா கொடுத்த 2500 ரூபாயில்தான். சம்பளம், சேமிப்பு, கடன், நன்கொடை. பத்திரிகை நடத்த இது எல்லாம் வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

அவள் கம்பெனிக்குப் போகட்டும். அங்கே போய் நூறு விதமான கையைப் போடட்டும், கார் ஓட்டுகிற கை, பந்து பிடிக்கிற கை, திருடுகிற கை. அது நமக்கும் வேண்டும். இந்த நாட்டில் நம்மை வரைந்தவர்கள் யார்? 1949ல் சங்கர் போட்ட கார்ட்டூன், நத்தைமேல் அம்பேத்கர், பின்னால் சாட்டையோடு நேரு, அது பதினோராம் வகுப்புப் பாடப்புத்தகத்தில் ஏறி, 2012ல் திருமாவளவன் நாடாளுமன்றத்தில் எழுப்பும் வரைக்கும் பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். அது ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். 1932 முதல் 1956 வரை ஆங்கிலப் பத்திரிகைகள் அவரை எப்படியெல்லாம் வரைந்தன என்று உன்னமதி சியாம சுந்தர் தேடித் தொகுத்து 2019ல் புத்தகமாகப் போட்டபோதுதான் தெரிந்தது, நூற்றுக்கு மேல் இருக்கிறது. குள்ளமாக, அடம்பிடிக்கிற குழந்தையாக, பெண்வேடத்தில். அதைத் தேடிக் கண்டுபிடித்தவர் தலித், தானே கார்ட்டூன் போடுகிறவர். கோடு என்ன சொல்கிறது என்று கோடு போடத் தெரிந்தவனுக்குச் சட்டென்று தெரிகிறது. ஆறு விரலை அவள் கண்டது மாதிரி.

என் பங்குக்குக் கவுண்டர் ஞானம் கொஞ்சம் சொல்லியிருக்கிறேன். யாருக்குப் படம் போட்டாலும் பில் எழுது, நம் ஆளாக இருந்தாலும். பணத்தைக் கணக்கில் வாங்கு, கையில் வாங்காதே. தனியாகப் படம் போட்டுப் பிழைக்கிறவர்கள் கடன் கேட்டு வரும்போது சம்பளச் சீட்டு இருக்காது. வங்கிக் கணக்கில் மாதாமாதம் ஏதாவது ஏறியிருந்தால்தான் எங்களவர்கள் முகம் கொடுத்துப் பேசுவார்கள். முத்ராவில் சிசு என்ற பிரிவில் 50,000 ரூபாய் வரை பிணை இல்லாமல் கொடுக்கவேண்டும் என்பது 2015லிருந்து எழுதி வைத்த விதி. பிணை கேட்காத மேலாளரைத் தேடிக் கண்டுபிடிக்கவேண்டும் என்பது எழுதாத விதி. படம் போடுகிற டேப்லெட் ஒன்று வாங்க அது போதும். எந்தக் கிளைக்குப் போகலாம் என்று நான் சொல்கிறேன்.

தாளை அவள் திரும்ப எழுதினாள். நூல் பிடித்தது முதல் பத்தியில் வந்துவிட்டது. தன்னம்பிக்கைப் பகுதியில் ஜூரியில் கேட்ட கேள்வியையும் அந்தச் சிரிப்பையும் அப்படியே எழுதி, ‘எங்கள் தெருப் பிள்ளைகள் புத்தகம் வாங்குவார்கள். இதுவரை அவர்களுக்கு யாரும் விற்கவில்லை’ என்று முடித்திருக்கிறாள். மார்க் குறையும் என்று பயமாக இருக்கிறது என்றாள். குறையலாம் என்றேன், பொய் சொல்லவில்லை. கடைசி நேரத்தில் அந்த வரியை அடித்துவிட்டுக் கொடுத்தாளா அப்படியே கொடுத்தாளா என்று கேட்கவில்லை. அது அவள் ஐம்பது மார்க். கை வராது என்ற வரி மட்டும் இடம் மாறிக் கடைசிக்குப் போயிருந்தது. ‘தினமும் ஐந்து கை’ என்று பக்கத்தில் சேர்த்திருந்தாள். விடுதியில் கூட இருக்கிற பெண்கள் சாப்பிடும்போது, தலை பின்னும்போது, போன் பார்க்கும்போது வரைகிறாளாம். ‘ஒருத்தியும் ஆடாம இருக்க மாட்டேங்கறாளுங்கண்ணா’ என்று புகார்.

இந்தக் கட்டுரையை அவளிடம் படித்துக் காட்டினேன். பேர் போடவேண்டாம், மார்க் வந்தபிறகு போட்டுக்கலாம் என்றாள். அடுத்த இதழில் வரப்போகிற சிறுகதைக்கு அவள்தான் படம் போட்டிருக்கிறாள். அம்பேத்கர் இல்லை, கோட்டு இல்லை, ஒரு கிழவன் மாட்டுக்குத் தண்ணி காட்டுகிறான். இடது கை இன்னும் சரியில்லை, தொட்டிக்குள் போகிற இடத்தில் முட்டி உடைந்த மாதிரி இருக்கிறது. சொல்லிவிட்டேன், திருத்திக்கொண்டிருக்கிறாள். பில்லை ஆசிரியரிடம் கொடுத்திருக்கிறேன், ஐந்நூறு ரூபாய். என் அட்டைப்படத்துக்கான பில்லை அவள் இன்னும் தரவில்லை. கேட்டுக்கொண்டிருக்கிறேன்.